எப்போதும்வென்றானில் ஓடாத டிவிடி

எப்போதும்வென்றான் என்று பெயர் வைத்திருக்கிற ஊரில் என் மாமா மட்டும் போகிற போதெல்லாம் தோற்றுவிட்டு வந்தார். சண்டையிலோ கோர்ட்டிலோ அல்ல, ஒரு டிவிடியை ஓட வைப்பதில். கோவில்பட்டியில் எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் டிவிடியில் ஏற்றிக் கொடுத்த மனிதர், சொந்தத் தங்கச்சியின் கல்யாணத்தை அவள் வாழப்போன வீட்டு டிவியில் காட்ட முடியாமல் திண்டாடினார். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்கும் இளையவள் சித்தி. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு இரண்டு பேரையும் அம்மாதான் எங்கள் வீட்டில் வைத்து வளர்த்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சித்தியின் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுப்பேன். அவள் சடை பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடம் போவேன். மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் டிவிடி எழுதுகிற மெஷின். "சீடி போடணும்" என்று வருகிறவர்களிடம் "சீடி இல்ல அண்ணாச்சி, டிவிடி" என்று திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அந்த வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. வகுப்பில் என்னிடம் சீடி என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிப் போனதில்லை.

ஐப்பசியில் சித்திக்குக் கல்யாணம் ஆனது. சித்தப்பா வீடு மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீடு. சித்தப்பா அதிகம் பேசமாட்டார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அவருடைய அம்மா பேசிவிடுவார். "அந்தம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டா காட்டுல மேயுத ஆடு வீட்டுக்கு வந்துரும்" என்று கல்யாணப் பந்தியிலேயே யாரோ சொல்லி, அது அம்மாவின் காதில் விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலைதான்: அந்த வீட்டில் தங்கச்சி எப்படி இருக்கிறாள்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. போன் பண்ணினால், "நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்க்கா" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சித்தி பேசமாட்டாள். போன் இருந்தது கூடத்தில், மாமியார் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வயிற்றில் ஒரு பிள்ளை தங்குகிறவரை பிறந்த வீட்டார் காரணம் இல்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினாலும் கை நனைக்கக்கூடாது. கை நனைப்பது என்றால் சோறு சாப்பிடுவது. சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனால், பெண்ணை வேவு பார்க்க வந்ததாக ஊர் பேசும்.

நல்ல காரணம் தைப் பொங்கலில் வந்தது. புதுப் பெண்ணுக்குப் பொங்கல்படி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை எல்லாவற்றோடும் கல்யாண வீடியோவையும் வைத்துக் கொடுப்பது என்று மாமா முடிவு செய்தார். வீடியோ எடுத்தவரிடம் கேசட்டை வாங்கிவந்து, தானே டிவிடியில் ஏற்ற உட்கார்ந்தார்.

அப்போது கடையில் எழுதுகிற டிவிடி இரண்டு சாதியாக இருந்தது. ஒன்றில் R என்ற எழுத்துக்கு முன்னால் மைனஸ் குறி, மற்றதில் பிளஸ் குறி. பார்க்க இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு தடவைதான் எழுத முடியும். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"பங்காளிச் சண்டைதான். ஒரே காட்டுல அண்ணன் ஒரு கிணறு வெட்டுனா தம்பி தனியா ஒண்ணு வெட்டுவாம்லா? அது மாதிரி ரெண்டு கூட்டத்து கம்பெனிக்காரன் ஆளுக்கு ஒண்ணு செஞ்சுட்டான். புது பிளேயர்னா ரெண்டையும் படிக்கும். பழசுன்னா சிலது ஒண்ணைத்தான் படிக்கும்" என்றார் மாமா.

எதில் எழுதுவது என்று அவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது அப்பா கடைக்கு வந்தார். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை பார்த்தார். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நல்லது கெட்டது பார்க்கத் தெரியும்.

"கல்யாணக் காரியத்துல எதுக்குய்யா கழித்தல்? கூட்டலைப் போடு" என்றார்.

மாமா பிளஸ்ஸில் எழுதினார். முதல் தடவை நடந்தது அசல் தவறுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பொங்கல்படி தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேலே, குங்குமம் வைத்த உறையில், அந்த டிவிடி போயிற்று. சித்தப்பாவின் அண்ணன் சவூதியில் இருந்தார். அவர் எப்போதோ அனுப்பிய பிளேயர் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு டிவிக்குக் கீழே இருந்தது. கூடம் நிறைய ஆட்கள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு டிவிடியை உள்ளே தள்ளினார். அது உள்ளே கரகரவென்று கொஞ்ச நேரம் சுற்றி, டிஸ்க் இல்லை என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது.

"உள்ள போட்ட சீடியை இல்லைங்குதே! முழுங்கிட்டா?" என்றார் சித்தியின் மாமியார். கூடம் முழுக்கச் சிரித்தது. சீடி இல்லை, டிவிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா வயரைப் பார்க்கிறேன் என்று டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அங்கே இருட்டு. டார்ச் பிடிக்கச் சித்தியைக் கூப்பிட்டார். அண்ணனும் தங்கச்சியும் டிவிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததில் எனக்கு இரண்டு முதுகும் கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரிந்தன. அவர்கள் மெதுவாக ஏதோ பேசுவதும், சித்தி மூக்கை உறிஞ்சுவதும், பிறகு களுக்கென்று சிரிப்பதும் கேட்டது. இவ்வளவு பெரிய அவமானத்துக்கு நடுவில் என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

மாமியார் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சரி, படம் ஓடுதப்போ ஓடட்டும். எல்லாரும் எந்திரிங்க, வெளியே போய்க் கரும்பு வெட்டுவோம்" என்று கூடத்தைக் காலி செய்தார். எங்கள் டிவிடிக்கு அவ்வளவுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது மாமாவிடம், "அடுத்தவாட்டி ஓடுத சீடியாக் கொண்டாங்க தம்பி" என்று சொல்லி ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

திரும்பும்போது வேனில் அம்மா டிவிடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் அவளுக்குச் சித்தியோடு தனியாகப் பேசவே வாய்க்கவில்லை. "என்னலே சொன்னா?" என்று மாமாவைத்தான் துளைத்தாள்.

"நல்லாத்தான் இருக்காளாம். மாமியார் திட்டுததெல்லாம் இல்லையாம். சத்தம்தான் பெருசாம். அங்கன யாரும் நம்ம வீட்டுப் பேச்சு பேச இல்லைன்னுதான் அழுதா."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சா."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு மாமா, "வேற டிவிடி கொண்டாறேன்னு சொல்லியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாசி மாதம் மாமா அடுத்த டிவிடியை எழுதினார். இந்தத் தடவை RW. இதைப் பற்றி அவர் எனக்கு முன்பே பாடம் எடுத்திருந்தார். வெறும் R என்றால் பச்சை குத்தினது மாதிரி, எழுதினால் எழுதினதுதான். RW என்றால் சிலேட்டு, அழித்து அழித்து எழுதலாம். ஆனால் அதன் முகத்தில் மினுக்கம் குறைவு. பழைய பிளேயரின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. இவ்வளவும் சொல்லிக்கொடுத்த மனிதரே சவூதிப் பிளேயருக்கு RW கொண்டுபோனால் என்ன செய்வது?

"மாமா, இதுவும் ஓடாதே" என்றேன்.

"ஓடுனாலும் ஓடும்" என்று பையில் வைத்துக்கொண்டார்.

பசுவந்தனை வழியாகப் போகிற பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். சித்தி வீட்டு முற்றம் முழுக்கச் சிவப்பாக மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே உள்ளே போனேன். சித்தி ஓடிவந்து என் சடையைத்தான் முதலில் பார்த்தாள். "யாருட்டி இப்படிப் பின்னிவிட்டா, கோழி கிண்டுன மாதிரி?" என்று கூந்தலை அவிழ்த்து அங்கேயே பின்ன உட்கார்ந்துவிட்டாள். RW ஓடவில்லை. மாமா டிவிக்குப் பின்னால் போனார். சித்தி டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மாமியார் மிளகாய் கிண்டப் போய்விட்டார்.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நான் பிளேயருக்குப் பக்கத்து அலமாரியைக் குடைந்தேன். சித்தப்பாவின் அக்கா மகனுக்குக் காதுகுத்தின டிவிடி ஒன்று அகப்பட்டது. தூத்துக்குடியில் யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் R எழுத்துக்கு முன்னால் தெளிவாக ஒரு மைனஸ் குறி. பிளேயரில் போட்டேன். மாமன் மடியில் ஒரு பயல் வீல் என்று அலறிக்கொண்டு திரையில் வந்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த மாமியாரிடம், "ஆச்சி, உங்க பிளேயர் மைனஸ்தான் படிக்குது! மாமாகிட்ட மைனஸ்ல எழுதச் சொல்லணும்" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், டிவிக்குப் பின்னால் தெரிந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தார். பிறகு என்னையே பிளேயரை நிறுத்தச் சொல்லி, அந்த டிவிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ சும்மா இருட்டி. கம்ப்யூட்டர் படிச்ச மாமனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?" என்று சொல்லி, காதுகுத்து டிவிடியைக் கொண்டுபோய் பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எங்கள் மாமாவுக்குத் துப்புக் கிடைத்துவிடக் கூடாது என்று ஒளித்து வைக்கிற கெட்ட மனசை அன்றுதான் நேரில் பார்த்தேன். இரண்டு செம்பு மோர் கொண்டுவந்து, "மோரு சோத்துல சேராது, குடிங்க" என்றார். இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு போடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் மாமாவிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "அப்படியா!" என்று வாயைப் பிளந்தார். "நீ கெட்டிக்காரி" என்று பசுவந்தனையில் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

பங்குனியில் அவர் மைனஸ் R எடுத்து எழுதியபோது நான் பக்கத்து ஸ்டூலில் காவல் இருந்தேன். எழுதி முடிந்ததும் ஒரு பெட்டி வந்தது. டிஸ்க்கை முடிக்கவா என்று கேட்டது. இதுவும் எனக்குத் தெரியும். முடிக்காமல் விட்டால் மேற்கொண்டு எழுதலாம், ஆனால் வேறு பிளேயர்களில் ஓடாது. பூவைக் கட்டிக் கடைசியில் முடிச்சுப் போடாமல் விடுவது மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். மாமாவின் கை 'வேண்டாம்' என்ற பக்கம் போனது. அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் ரேஷன் கார்டோடு வந்து நின்றார். மாமா எழுந்து போனார்.

நான் 'ஆமாம்' என்பதை அழுத்தினேன். மாமா திரும்பி வந்தபோது டிவிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் எதையும் கவனிக்காமல் எடுத்து உறையில் போட்டார். அதன் முதுகில் 'சித்தி கல்யாணம்' என்று ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதினேன்.

எப்போதும்வென்றானுக்கு நான் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனதில்லை. மாமியார் வழக்கம்போல, "வாங்க தம்பி, இன்னைக்காவது படம் தெரியுமா?" என்றார். சித்தி டார்ச்சைத் தயாராகக் கையில் எடுத்து வைத்திருந்தாள். மாமா டிவிடியைப் போட்டுவிட்டு டிவிக்குப் பின்னால் போக எழுந்தார்.

நாதஸ்வரம் கேட்டது.

டிவியில் மண்டப வாசல், வாழைமரம், பன்னீர் தெளிக்கிற நான். மாமா பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். சித்தி டார்ச்சை அணைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை. மணவறையில் சித்தி வந்து உட்கார்ந்ததும், டிவிக்கு முன்னால் நின்ற சித்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று கதைகளில் படித்திருந்ததால் எனக்கு ஆச்சரியமில்லை.

மாமியார் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சித்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ரிமோட்டைத் தொட்டே நான் பார்த்திராத அந்த அம்மாள், அதை எடுத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி ஒருவழியாகப் படத்தை நிறுத்தினார்.

"நடுவுல நடுவுல நிக்குதே தம்பி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நிக்கலையே ஆச்சி! நல்லாத்தானே ஓடுச்சு!"

"ஏட்டி, உன் கண்ணு சின்னக் கண்ணு. என் கண்ணுக்கு நிக்கி" என்று என்னை அடக்கிவிட்டு மாமாவிடம் திரும்பினார். "இது சரிப்படாது. சித்திரையில வேற சீடி கொண்டாங்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் பாத்துச் செய்யுங்க. வருதப்போ அக்காவையும் கூட்டிட்டு வாங்க. கூடப்பொறந்தவ கல்யாணப் படத்தை அவியளும் இங்கன உக்காந்து பாக்கணும்லா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சரி அத்தே" என்றார். பாவம், தங்கச்சி முன்னால் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தலை நிமிரும்? மாமியார் உள்ளே போய்க் கம்மங்கூழும் வெங்காயமும் மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். "கூழும் சோத்துல சேராது" என்றார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஆத்திரம் தாங்காமல் அழுதேன். அந்த ஆச்சி பொய் சொல்கிறது, படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, நான் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். மாமா ஜன்னல் வழியாக அறுத்து முடிந்த காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் கொஞ்சமும் கோபம் இல்லை. "அவியளுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைட்டி" என்று மட்டும் சொன்னார். வீட்டில் வந்து நான் நடந்ததைச் சொன்னபோது அம்மா, "நிக்கின்னா சொன்னாவ? என்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாவளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினாள்.

சித்திரையில் அம்மா போனாள். வைகாசியிலும் ஒரு டிவிடி போயிற்று, அதுவும் சரிப்படவில்லை. அதற்குப் பிறகு சித்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அவளுடைய மாமியாரே போன் பண்ணிச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்க எங்கள் வீட்டுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது.

வளைகாப்புக்கு எல்லோரும் போனோம். முதல் தடவையாக அந்த வீட்டில் வாழை இலை போட்டு, பருப்பு, சாம்பார், வடை, பாயசம் என்று எனக்கு மூச்சு முட்டுகிறவரை சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்து ஆட்கள் கூடத்தில் சாய்ந்திருந்தபோது சித்தியின் மாமியார் பீரோவைத் திறந்து ஒரு டிவிடியை எடுத்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பிளேயரில் போட்டு, தட்டுத் தடுமாறாமல் ரிமோட்டை அமுக்கினார். மண்டப வாசலில் தொடங்கி மறுவீடு வரைக்கும் கல்யாணம் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடியது. அம்மாவுக்குப் பக்கத்தில் வயிறும் வளையலுமாகச் சாய்ந்து உட்கார்ந்து சித்தி தன் கல்யாணத்தைப் பார்த்தாள். மாமா பந்தியில் மிஞ்சிய அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, டிவிக்குப் பின்னால் போகிற எண்ணமே இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்ததும் நான் ஓடிப்போய் டிவிடியை வெளியே எடுத்துப் பார்த்தேன். 'சித்தி கல்யாணம்' என்று என் கையெழுத்து. நான் முடித்து வைத்த அதே டிவிடி.

ஓடாத டிவிடியாகத் தேடித் தேடி எழுதிய மாமாவையும், ஓடிய டிவிடியை ஓடவில்லை என்று சொன்ன அந்த அம்மாளையும் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருடங்கள் வேண்டியிருந்தன. அன்றைக்கு நான் அதையும் இதையும் யோசித்து, பிளஸ், மைனஸ், RW எதிலும் சேராத ஒரு முடிவுக்கு வந்தேன். அதை மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் அடித்துச் சொன்னேன்: புது டிவிடி எதுவும் போன உடனே ஓடாது, அந்த வீட்டிலேயே கொஞ்ச நாள் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தன்னால் நன்றாக ஓடும்.